ஸ்ரீரங்கத்தில் நிழலில்லாத நண்பகல்

ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, விழுப்புரத்தில் நானும் என் மனைவி மலர்விழியும் தெற்கே போகும் ரயிலில் ஏறினோம். ஸ்ரீரங்கம் வரை உட்கார்ந்து போகும் பெட்டியில் ஆளுக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய். எங்கள் பையில் இரண்டு நாள் துணியோடு ஒரு முழ நீளத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் குழாய், அதைச் செருகி நிறுத்த ஒரு பலகை, கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று. கோயிலுக்குப் போகிறவர்கள் எடுத்துப் போகும் சாமான்கள் இல்லை இவை.

எதற்கு இந்தப் பயணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அநேகமாக எந்த ஊராக இருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும், நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். அந்த ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், செங்குத்தாக நிற்கும் எதற்கும் பக்கவாட்டில் நிழல் விழாது. மற்ற நாட்களில் நாம் உச்சி வெயில் என்று சொல்வதெல்லாம் கொஞ்சம் சாய்ந்த வெயில்தான்.

மலர்விழி ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவள். இதை ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தாளே தவிர, ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. ஏப்ரலில் பரீட்சை வந்துவிடும். ஆகஸ்டில் மேகம் வந்துவிடும்.

அவளுக்கு வேறு ஆசைகளும் இருந்தன. வடதுருவத்துப் பக்கம் வானத்தில் பச்சை ஒளி திரைச்சீலை போல ஆடுமாம், அதைப் பார்க்க வேண்டும். முழுச் சூரிய கிரகணத்தில் பகலிலேயே நட்சத்திரம் தெரியுமாம், அதைப் பார்க்க வேண்டும். ராத்திரியில் அலை நீலமாக மினுங்கும் கடலில் காலை நனைக்க வேண்டும். எனக்கு நகல் எடுக்கும் கடை. மெஷினும் பேப்பரும்தான் என் உலகம். அவள் சொல்லும்போது சரி சரி என்று கேட்டுக்கொள்வேன்.

இப்போது அவளுக்கு விழித்திரையில் நோய். முதலில் இரவுப் பார்வை போனது. பிறகு ஓரங்கள் போயின. ஒரு குழலுக்குள் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அதையும் புரை மூடிக்கொண்டு வருகிறது. புரையை எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன ஜூனில் வேலையை விட்டாள். அவள் ஆசைப்பட்டவை எல்லாமே இருட்டில் பார்க்க வேண்டியவை. வெளிச்சத்தில் பார்க்கக்கூடியதாக மிஞ்சியது இந்த நண்பகல் ஒன்றுதான்.

விழுப்புரத்தில் சூரியன் உச்சிக்கு வந்த நாளில் மாடியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மழை. அவள் கீழே இறங்கும்போது சொன்னாள்: "சூரியன் தினம் கொஞ்சம் கொஞ்சமா தெக்கே போயிட்டிருக்குங்க. நாமளும் பின்னாடியே போனா திருச்சியில பிடிச்சிடலாம்." அப்படித்தான் கிளம்பினோம்.

ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் வெளியே பார்க்கவில்லை. விருத்தாசலம் தாண்டி அரியலூர் நெருங்கும்போது, சிமென்ட் தூசியின் வாடையை வைத்து ஊரைத் தெரிந்துகொண்டாள்.

"இந்த இடமெல்லாம் ஒரு காலத்துல கடல். தோண்டினா சங்கு, சிப்பி எல்லாம் கல்லாக் கிடக்கும். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரணும்னு நெனச்சேன்" என்றாள்.

லால்குடிக்குப் பிறகு கொள்ளிடம் பாலத்தைக் கடந்து, பதினொன்றே காலுக்கு ஸ்ரீரங்கத்தில் இறங்கினோம். மழை பெய்து ஓய்ந்த தரை. நிலையத்துக்கு வெளியே முதல் ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், பாலக்கரைக்காரர், பெயர் காதர். கீழச் சித்திரை வீதிக்கு எண்பது ரூபாய்.

"கோயிலுக்குங்களா சார்?"

"இல்ல பாய். நிழல் பாக்க வந்திருக்கோம்" என்று மலர் பதில் சொன்னாள்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். விஷயம் புரிந்ததா தெரியவில்லை. ஆனால் மலர் இறங்கும்போது படி எங்கே என்று காலால் துழாவியதைப் பார்த்தார். பிறகு எங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. போன் நம்பரை மட்டும் கொடுத்தார்.

நாங்கள் தங்கிய இடம் பழைய வீட்டை இடித்துக் கட்டிய சிறிய விடுதி. ஓர் அறைக்கு ஆயிரத்து இருநூறு. அதன் சொந்தக்காரர் ரங்கராஜன், மெலிந்த மனிதர், நெற்றியில் நாமம். "வாங்கோ, வாங்கோ. பன்னண்டுக்குள்ள போனா பெருமாளைச் சேவிச்சுடலாம்" என்றார். வந்த காரணத்தைச் சொன்னோம். "மாடியைத் தாராளமா உபயோகிச்சுக்கோங்கோ. செருப்பு மட்டும் வேண்டாம். போன மாசந்தான் புதுசா டைல்ஸ் போட்டது" என்றார்.

அன்று நண்பகல் மாடிக்குப் போகவே இல்லை. வானம் ஈயம் பூசியது போல இருந்தது. கணக்குப்படி மறுநாள்தான் சரியான நாள் என்பதால் பெரிதாக வருத்தமும் இல்லை.

மாலை நான்கு மணிக்கு மலைக்கோட்டைக்குப் போனோம். காதர் பாய்தான் வந்தார். காவிரிப் பாலம் வழியாகச் சுமார் ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். காவிரியில் தண்ணீர் இரு கரைக்கும் போய்க்கொண்டிருந்தது. மலருக்கு உச்சிக்குப் போக வேண்டும் என்றெல்லாம் இல்லை. இமயமலை எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பாறை இங்கே இருந்தது, அதில் கை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

யானைக்கட்டு மண்டபம் தாண்டி, பாறைக்குள் ஏறிப்போகும் படிக்கட்டுக்குள் நுழைந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் ஏழெட்டுப் படியில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள்.

"என்னங்க, இங்க லைட் போடலையா?"

தலைக்கு மேலே குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வளைவிலும் ஒன்று எரிந்தது. படியில் கிடந்த பூச்சரம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் சுவரோரம் நகர்ந்து, வெள்ளையடிக்காத இடமாகத் தடவித் தேடி, உள்ளங்கையைப் பாறையில் வைத்தாள். அந்த நேரத்தில் ஒரு குடும்பம் இறங்கி வந்தது. அந்தக் குடும்பத்துப் பெண் யாரிடமோ, "எவ்வளவு லைட்டு பாரு, முன்னெல்லாம் ஒரே இருட்டா கெடக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். மலரின் கை பாறையிலேயே இருந்தது. பிறகு, "போதும், இறங்கிடலாம்" என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் பேசியது இரண்டே வார்த்தை. தண்ணி, போதும்.

செவ்வாய்க்கிழமை. காலையில் வானம் பாதி வெளுத்திருந்தது. மேகம் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது. தெருக்களில் வீட்டு நிழலும் பந்தல் நிழலும் விழும், திறந்தவெளி வேண்டும் என்று மலர் சொன்னதால் கொள்ளிடக் கரைக்குப் போவது என்று முடிவு செய்தோம். பஞ்சக்கரைச் சாலை வழியாக மூன்று கிலோமீட்டர். போய் வரவும் காத்திருக்கவும் சேர்த்து இருநூற்றைம்பது என்றார் காதர் பாய்.

பதினொன்றரைக்குக் கரையில் இருந்தோம். காவிரி நிறைய ஓடினாலும் கொள்ளிடத்தில் ஓரமாக ஒரு கால்வாய் அளவுக்குத்தான் தண்ணீர். மிச்சமெல்லாம் மணல், நாணல், மாடுகள். மலர் மணலைச் சமப்படுத்திப் பலகையை வைத்தாள். ரசமட்டத்தின் குமிழியைப் பார்க்க மட்டும் என்னைக் கூப்பிட்டாள். மற்றதையெல்லாம் விரலாலேயே செய்தாள். குழாயைச் செருகி, அதன் அடியில் வெள்ளை அட்டையை விரித்து, முழங்காலிட்டுக் குனிந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து தலையை அங்கும் இங்கும் அசைத்து, அட்டையைத் தன் சின்னப் பார்வைக்குள் கொண்டுவந்தாள்.

"தெரியுது. மேற்குப் பக்கம் நிழல் இருக்கு. நாலு விரக்கடை" என்றாள். அவள் குரலில் பள்ளிக்கூடச் சத்தம் வந்திருந்தது. "பாய், நீங்களும் வாங்க. இப்ப இது குறைஞ்சுக்கிட்டே வரும் பாருங்க."

காதர் பாய் லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்தினார். நிழல் குறைந்தது. பன்னிரண்டு மணிக்கு இரண்டு விரக்கடை. திருச்சியில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் பன்னிரண்டேகாலுக்கு என்று மலர் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பன்னிரண்டு பத்துக்கு ஒரு விரல் அகலம்தான் பாக்கி.

அப்போது மேகம் வந்தது. கிழக்கிலிருந்து நகர்ந்து வந்த பெரிய மேகம். முதலில் எதிர்க்கரை மங்கியது. பிறகு மணல். அட்டைமேல் இருந்த நிழல் கலங்கி, கரைந்து, இல்லாமல் போனது.

மலர் குனிந்தபடியே இருந்தாள். "என்னங்க, நிழலைக் காணோமே. போயிடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காதர் பாய் என் கையை அழுத்தினார். என்னைத் தனியாக நாலடி இழுத்துக்கொண்டு போய் மெதுவாகப் பேசினார்.

"போயிடுச்சுன்னு சொல்லிடுங்க சார். எங்க அத்தாவுக்கு, அதான் எங்கப்பாவுக்கு, சுகர்ல ரெண்டு கண்ணும் போச்சு. வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சு அத்தா, அப்படின்னு சொன்னோம். அடிக்கல. கேட்டுட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டாரு தெரியுமா? மவுத்தாகுற வரைக்கும் அவருக்கு வீடு வெள்ளையாத்தான் இருந்துச்சு. அல்லா மேல ஆணையா, இதுல பாவம் ஒண்ணும் இல்ல சார்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருடம் காத்திருந்தவள் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊர் திரும்புவாள். யாருக்கு என்ன நஷ்டம்? திரும்பி வந்து அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன்.

"மேகம், மலர். மேகம் மறைச்சிடுச்சு."

அவள் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினாள்.

"தெரியும். முதுகுல சூடு விட்டதுமே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் கேட்ட?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்." அவள் மணலை உள்ளங்கையில் அள்ளிக் கீழே விட்டாள். "நேத்து மலைக்கோட்டையில லைட் கம்மின்னு சொன்னீங்க. ராத்திரியெல்லாம் தூங்கல நான். கண்ணு போறது பயமா இல்லங்க. இனிமே நீங்க சொல்றதுதான எனக்கு? அதுலயும் பாதி பொய்யா இருந்தா நான் எங்க போய் நிக்கிறது?"

காதர் பாய் ஆட்டோவுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேகம் விலகாமலே பன்னிரண்டரை ஆனது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. பலகையையும் குழாயையும் அள்ளிக்கொண்டு ஓடினோம். திரும்பும்போது அவர் பேசிய கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

புதன்கிழமை பிற்பகல் ரயிலுக்குத் திரும்புவதாக இருந்தோம். காலையில் விடுதிக்காரர் காபியோடு வந்து கதவைத் தட்டினார். "ஆகாசத்தைப் பார்த்தேளா? துடைச்சு விட்டாப்பல இருக்கு!" என்றார். உண்மைதான். மூன்று நாளில் முதல் முறையாக ஒரு பொட்டு மேகம் இல்லை. மேற்கே வெள்ளைக் கோபுரம் கண்ணைக் கூச வைத்தது.

"ஒரு நாள் தள்ளிப்போச்சே, பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

"கணக்குப்படி சூரியன் இன்னிக்கு மணப்பாறைக்குப் போயிருக்கும். ஆனா இந்தக் குழாய்க்கு நூல் அளவுதான் வித்தியாசம் வரும். கண்ணால கண்டுபிடிக்க முடியாது" என்றாள். கண் என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு பலகையை எடுத்தாள்.

பதினொன்றே முக்காலுக்கு மாடி ஏறினோம். ரங்கராஜன் சொன்ன டைல்ஸ், வெயிலைத் திருப்பி அனுப்புவதற்காகப் பதிக்கும் பால்வெள்ளை ரகம். கதவைத் திறந்ததும் நானே கையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். மலர் வாசற்படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே வெள்ளையா இருக்கு" என்றாள்.

கறுப்புக் கண்ணாடி போட்டாள். அதன்மேல் தொப்பி. அட்டைக்குப் பதிலாக என் பழுப்புத் துண்டை விரித்தோம். அவள் இரண்டு கையையும் குழல்போலக் குவித்து, தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து துண்டில் சொட்டியது. நேற்று மங்கலான வெளிச்சத்தில் தெரிந்தது இன்று இத்தனை வெளிச்சத்தில் தெரியவில்லை. மறுபடி மறுபடி முயன்றாள். குழாய் இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரங்கராஜன் குடையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து ஓரமாக நின்றார்.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. மலர் முயற்சியை விட்டாள். துண்டின் ஓரத்தில் உட்கார்ந்து, கையை நீட்டித் துழாவி, குழாயின் அடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"மேற்குப் பக்கம் இருக்கு. ரெண்டு விரக்கடை."

"சாய்வா இருக்கா, நேரா இருக்கா?"

"நேரா."

"குறையக் குறையச் சொல்லுங்க. சும்மா சும்மா சொல்லாதீங்க. குறைஞ்சாத்தான் சொல்லணும்."

சொன்னேன். ஒன்றரை விரல். ஒரு விரல். அரை விரல். நடுவில் நான் பேசாமல் இருந்தபோது அவளும் பேசவில்லை. கோயிலுக்குள்ளிருந்து மணிச்சத்தம் வந்தது. நான் வாழ்க்கையில் எதையும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. நிழல் ஒரு கயிறு கனத்துக்கு வந்தது. கீற்று போல ஆனது. பிறகு துண்டின்மேல் குழாய் மட்டும் நின்றது. அதைச் சுற்றி எந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை, தரையில் நிற்காமல் எங்கோ மிதப்பது போல.

"இல்ல மலர். இப்ப இல்ல."

"மேகம்?"

"ஒண்ணும் இல்ல. வெயில் அடிக்குது."

"அடிக்குது" என்றாள், தோளைத் தொட்டுப் பார்த்து. "உங்க நிழல்?"

குனிந்து பார்த்தேன். "காலைச் சுத்திக் கொஞ்சம் கறுப்பா கிடக்கு. அதை மிதிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"எனக்கு?"

"உனக்கும் அப்படித்தான். மடியிலயே விழுந்து கிடக்கு."

ரங்கராஜன் குடையை மடக்கிவிட்டு வெயிலில் நின்று தன் காலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். "அறுபத்து மூணு வயசு ஆறது. இதே ஊர்ல பொறந்து வளர்ந்தவன். ஒரு நாள்கூடக் குனிஞ்சு பார்த்ததில்லையேம்மா" என்றார்.

மலர் குழாயின் அடியில் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். சற்று நேரம் கழித்து, "கிழக்கே வந்திடுச்சா?" என்றாள்.

"இப்பத்தான். நூல் மாதிரி."

அவள் தலையாட்டினாள். பிறகு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்க. ரங்கராஜன் கீழே இறங்கிப் போய்விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டைல்ஸ் சுட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. அழுது முடித்துவிட்டு, "குழாயை எடுத்து வைங்க, ரயிலுக்கு நேரமாயிடும்" என்றாள்.

நிலையத்துக்குக் காதர் பாய் வந்தார். வழியில் மெல்லக் கேட்டார்: "இன்னிக்கு வெயில் நல்லா இருந்துச்சே, அம்மா பாத்தாங்களா?"

நான் தயங்கினேன். மலரே பேசினாள். "பாக்க முடியல பாய். கண்ணு எடுத்துக்கல. இவரு பாத்துச் சொன்னாரு."

அவர் ஆட்டோவை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றார், கொஞ்சம் கரகரப்பான குரலில். இறங்கும்போது மலரின் கையைத் தன் கையில் வாங்கி நடைமேடை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, "போயிட்டு வாங்கம்மா" என்றார்.

இதைப் படித்துவிட்டு யாராவது ஸ்ரீரங்கத்துக்குப் போய் இதைப் பார்க்க நினைத்தால், வெள்ளைத் தரை வேண்டாம், மணல் நல்லது. ஒரு நாளை நம்பிப் போகாமல் மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இதற்காக அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். உங்கள் ஊர் மாடியிலேயே அந்த நாள் வரும். எங்கள் ஊரிலும் அடுத்த ஏப்ரலில் வரும். அப்போது அவளுக்கு வெயிலுக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் சொல்வதை அப்படியே வீட்டில் வந்து சொல்ல வேண்டும்.

ரயில் கிளம்பியது. மலர் ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சக்கரச் சத்தம் மாறியதும் பாலம் என்று தெரிந்துகொண்டாள்.

"கொள்ளிடமா?"

"ஆமா."

"தண்ணி இருக்கா?"

எட்டிப் பார்த்தேன். நேற்றைய மழைக்குப் பிறகும் ஆறு அப்படியேதான் கிடந்தது.

"ஓரமா கொஞ்சம் ஓடுது. மிச்சம் மணல்தான்" என்றேன். "தூரத்துல மூணு மாடு நிக்குது."

"என்ன நிறம்?"

"ரெண்டு வெள்ளை. ஒண்ணு, இங்கேருந்து சரியாத் தெரியல மலர்."

"சரி" என்றாள்.